பேய்க்குப் பேர் இருக்கு, செத்தவங்களுக்கு?

(பட்டிமன்றத் தலைப்பு: பேய் மாளிகைகளைப் பற்றிய நூல்கள் வரலாற்றைக் காட்டுகின்றனவா, மறைக்கின்றனவா? ‘மறைக்கின்றன’ என்ற அணியில் இரண்டாவதாக ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய பேராசிரியை அம்மா ரொம்ப அழகாச் சொன்னாங்க. “என் பையன் வரலாற்றுப் பாடப் புத்தகத்தைத் தொட மாட்டான். பேய்ப் புத்தகம் படிச்சுத்தான் லண்டன் கோபுரத்தையும் ஆன் போலின் ராணியையும் தெரிஞ்சுகிட்டான்” என்றார்கள். நல்லது அம்மா. அந்தப் பையனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “தம்பி, அந்த ராணி ராத்திரியிலே எப்படி நடப்பாங்க?” “தலையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடப்பாங்க” என்று டாண் என்று சொல்லுவான். “அந்தத் தலையை எதுக்குடா வெட்டினாங்க?” பையன் முழிப்பான். (சிரிப்பு) 1536ஆம் வருஷம் மே மாதம் 19ஆம் தேதி, கட்டின புருஷனான எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், துரோகக் குற்றம் சாட்டி வெட்டினார்கள். வெட்டினவனை விட்டுவிட்டு, வெட்டுப்பட்டவளைக் கண்டு பயப்படச் சொல்லித் தருகிற புத்தகம் வரலாற்றைக் காட்டுகிறதா, மறைக்கிறதா? நடுவர் யோசிக்க வேண்டும். (கைதட்டல்)

நான் இந்தப் புத்தகங்களைப் படிக்காமல் பேசவில்லை. கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில், திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று வாங்கினேன். எழுதியவர் ஹாரி பிரைஸ். 1940ஆம் ஆண்டு வந்தது. இங்கிலாந்திலேயே மிக அதிகமாகப் பேய் நடமாடும் வீடு என்று தலைப்பிலேயே பட்டம் கட்டிவிட்டார். போர்லி என்ற கிராமத்துப் பாதிரியார் வீட்டின் கதை. உண்மையைச் சொல்கிறேன், அந்த மனுஷன் நன்றாக எழுதுகிறார். ராத்திரி ஒரு மணிக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், தலைக்கு மேலே கூரையில் ‘கரக் கரக்’ என்று சத்தம். கந்தர் சஷ்டிக் கவசம் எனக்கு அன்றைக்கு மனப்பாடம் ஆனது. (சிரிப்பு) காலையில் விடுதிக் காவலாளி ஏணி போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எலி சார்!”

இந்த எலியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

போர்லி எசெக்ஸ் பகுதியில் இருக்கிறது. 1860களின் தொடக்கத்தில் புல் என்ற பாதிரியார் அந்தச் செங்கல் வீட்டைக் கட்டினார். அந்த இடத்தில் பழங்காலத்தில் ஒரு மடம் இருந்ததாம். துறவி ஒருவர் கன்னியாஸ்திரி ஒருத்தியோடு ஓடிப்போகப் பார்த்தாராம். அவரைக் கொன்று, அவளை உயிரோடு சுவரில் வைத்துப் பூசிவிட்டார்களாம். அந்தப் பெண்தான் தோட்டத்தில் நடக்கிறாளாம். கேட்டால் மனசு பதறுகிறது இல்லையா? ஆனால் அப்படி ஒரு மடம் அங்கே இருந்ததற்கு ஆதாரமே கிடையாது. இல்லாத மடம், அதில் இல்லாத கன்னியாஸ்திரி. எதிரணி நண்பர்களே, நீங்கள் சொல்லும் ‘வரலாறு’ இப்படித்தான் பிறக்கிறது!

1929இல் அங்கே குடியிருந்த பாதிரியார் ஒரு பத்திரிகைக்கு எழுதினார். ஆராய்ச்சிச் சங்கம் எதற்காவது சொல்லி விடுங்கள் என்று கேட்டார், அவ்வளவுதான். வந்தவர் ஹாரி பிரைஸ். வந்த பிறகுதான் கல் பறந்தது, சாமான் உடைந்தது. அவருடைய சட்டைப்பையில் கற்கள் இருந்ததைத் தாமே பார்த்ததாக ஒரு பத்திரிகைக்காரர் பின்னால், பிரைஸ் இறந்த பிறகு, சொன்னார். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. செத்தவர் பதில் சொல்ல முடியாது. 1937இல் அந்த வீட்டையே ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்தார். ‘டைம்ஸ்’ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து 48 பேரைக் காவலுக்குச் சேர்த்தார். நம்ம ஊரில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர் தண்ணி வருமா, கரண்ட் இருக்குமா என்று கேட்பார். இவர் பேய் வருமா என்று கேட்டு எடுத்தார்! (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்ததைக் கேளுங்க. 1938 மார்ச் 27. ஆவியோடு பேசுகிற கூட்டம் ஒன்றில் ஓர் ஆவி வந்து, இன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த வீட்டை எரிக்கப்போகிறேன் என்று சொன்னதாம். ஒன்பது மணி ஆச்சு. ஒன்றும் நடக்கவில்லை. பதினோரு மாதம் கழித்து, 1939 பிப்ரவரி 27இல் எரிந்தது. எங்க ஊர் டவுன் பஸ் எவ்வளவோ தேவலாம் ஐயா! (பலத்த சிரிப்பு) எரிந்தது எப்படி? புதிதாக வீட்டை வாங்கியவர் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது எண்ணெய் விளக்கு சாய்ந்துவிட்டதாகச் சொன்னார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் விசாரித்து, இது வேண்டுமென்றே வைத்த தீ என்று முடிவு செய்தார்கள். ஆவி சொன்னது அச்சில் நின்றது; இன்சூரன்ஸ்காரர் சொன்னது எத்தனை பேருக்குத் தெரியும்?

1944இல் மிச்சச் சுவரை இடித்தார்கள். அப்போது எடுத்த ஒரு புகைப்படத்தில் ஒரு செங்கல் அந்தரத்தில் நிற்கிறது. பிரைஸ் அதையும் தமது இரண்டாவது புத்தகத்தில் போட்டு, இது பேயின் கடைசி வேலையாக இருக்குமோ என்று தொனிக்க எழுதினார். ஐயா, வீடு இடிக்கிற இடத்தில் செங்கல் பறக்காமல் இட்லியா பறக்கும்? (நீண்ட சிரிப்பு)

பிரைஸ் 1948இல் காலமானார். 1956இல், ஆவிகளை ஆராய்வதற்கென்றே இருக்கிற சங்கத்தைச் சேர்ந்த மூன்று பேர் ஒரு நூல் எழுதினார்கள். கவனியுங்கள், நாத்திகர்கள் இல்லை, பகுத்தறிவு மேடைக்காரர்கள் இல்லை. அவர்களே காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, அந்த வீட்டின் அமைப்பே ஒலியை வினோதமாகக் கடத்தும், அதோடு எலிகள், மீதி மிகைப்படுத்தல் என்று எழுதினார்கள். எலி சார்! (கைதட்டல்) விடுதிக் காவலாளி ஏணி போட்டுக் கண்டுபிடித்ததை அவர்கள் ஒரு புத்தகம் போட்டுச் சொன்னார்கள்.

எதிரணியில் ஒரு தம்பி கேட்கிறார்: “இதனால யாருக்கு என்ன நஷ்டம்? சும்மா ஒரு பொழுதுபோக்குதானே?” நியாயமான கேள்வி. போர்லியோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அங்கே செத்ததாகச் சொன்ன பெண் பிறக்கவே இல்லை. அவளுக்கு நஷ்டம் இல்லை. உண்மையாகவே செத்தவர்கள் இருக்கிற வீட்டுக்கு இப்போது உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கொஞ்சம் சிரிப்பை நிறுத்திக்கொள்வோம்.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரம், ராயல் தெரு. டெல்ஃபின் லாலோரி என்ற பணக்காரச் சீமாட்டியின் மாளிகை. 1834 ஏப்ரல் 10ஆம் தேதி சமையலறையில் தீப்பிடித்தது. ஓடிவந்தவர்கள் பார்த்தார்கள்: வயதான சமையல்காரி அடுப்போடு சங்கிலியால் கட்டப்பட்டிருந்தாள். தண்டனைக்குப் பயந்து, செத்தாலும் பரவாயில்லை என்று தானே தீ வைத்ததாகச் சொன்னாள் என்று அந்தக் காலத்து எழுத்துகள் சொல்கின்றன. உள்ளே இன்னும் அடிமைகள், ஏழு பேர், பட்டினியும் காயமுமாக இருந்தார்கள். ஊர் ஜனம் கொதித்துப்போய் வீட்டைச் சூறையாடியது. சீமாட்டி பாரிசுக்குத் தப்பிவிட்டாள்.

இது போதாதா ஐயா? மனுஷன் கேட்டுத் தூக்கம் கெட இதற்கு மேல் பேய் வேண்டுமா? ஆனால் 1940களில் அந்த நகரத்துப் பேய்க் கதைகள் என்று ஒரு புத்தகம் வந்தது. 1834இல் பார்த்தவர்கள் சொல்லாத சித்திரவதைகளையெல்லாம், நூறு வருஷம் கழித்துப் பார்த்தது மாதிரி விலாவாரியாக எழுதினார்கள். அதற்கப்புறம் வந்தவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். இன்றைக்கு அந்தத் தெருவில் சுற்றுலாக்காரர்கள் கூட்டமாக நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்கிற கட்டடமே பிறகு திரும்பக் கட்டியது! (சிரிப்பு) எல்லாருக்கும் ஒரே ஒரு பெயர் தெரியும்: லாலோரி. சங்கிலி போட்டவள் பெயர் அது. சங்கிலியில் இருந்தவர்கள் பெயர்?

அதைத் தேடியவர்கள் உண்டு. பேயைத் தேடிப் போனவர்கள் இல்லை. ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து இறப்புப் பதிவேட்டைப் புரட்டியவர்கள். 1830க்கும் 1834க்கும் நடுவில் அந்த வீட்டில் 12 அடிமைகள் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. காரணம் எழுதவில்லை. அதில் ஒருத்தி சமையலும் சலவையும் செய்தவள். பெயர் பான். அவளுடைய நான்கு பிள்ளைகளின் பெயரும் அதே பதிவேட்டில் இருக்கிறது. ஜூலியட், ஃபுளோரன்ஸ், ஜூல்ஸ், லியோன்டீன். தாயும் நாலு பிள்ளைகளும், நாலு வருஷத்துக்குள்ளே.

(அரங்கில் அமைதி)

டியா மைல்ஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியை 2015இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்கத் தென்பகுதியில் பேய் காட்டும் சுற்றுலா ஒன்றில், மாலி என்ற அடிமைப் பெண் பேயாக நடமாடுகிறாள் என்று கேட்டு, அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆவணங்களில் தேடியிருக்கிறார். அப்படி ஒரு பெண் இருந்ததற்குத் தடயமே கிடைக்கவில்லை. பாருங்கள், ஒரு பக்கம் பதிவேட்டில் பெயரோடு இருக்கிற பெண்ணை யாரும் சொல்வதில்லை. இன்னொரு பக்கம் இல்லாத பெண்ணுக்குப் பெயர் வைத்து டிக்கெட் விற்கிறார்கள். (கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு நிமிஷம் ஐயா. எதிரணியில் அடுத்துப் பேச வரும் நண்பர் மேசையில் ஏழெட்டுப் பேய்ப் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறார், நான் வந்ததிலிருந்து பார்க்கிறேன். ஜூலியட், ஃபுளோரன்ஸ், ஜூல்ஸ், லியோன்டீன் இந்த நாலு பெயரில் ஒன்று அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவர் எடுத்துக் காட்டினால், நான் என் இருக்கையிலிருந்து எழுந்து அவருக்காகக் கை தட்டுகிறேன். (கைதட்டல்)