புது பிளாஷில் என்ன புதுசு?



ஓடைப்பட்டியின் விதையில்லாத் திராட்சையை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பந்தலுக்கு அடியில் கல்யாண ஜோடியை நிறுத்திப் படமெடுத்தால் அழகுதான். ஆனால் இலை வழியே இறங்கும் வெளிச்சம் முகத்தில் பச்சையைப் பூசிவிடும். அங்கே கைகொடுப்பது கேமராவின் தலையில் மாட்டும் பிளாஷ். பகல் வெளிச்சத்தின் நிறத்திலேயே அடிப்பதால், முகம் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

சரி, கையிலிருக்கும் பிளாஷுக்குப் புது மாடல் வந்துவிட்டது. மாற்றலாமா?

பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது கைடு நம்பர், அதாவது பிளாஷின் பலத்தைச் சொல்லும் எண். கோடாக்ஸ் வி860 டூ மாடலுக்கு 60. 2021இல் வந்த வி860 த்ரீக்கும் அதே 60தான். அதுவும் ஒளியை 200 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஏற்பக் குவித்து அளந்தது. மண்டபத்தில் சொந்தபந்தம் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தினால் ஒளியை விரிக்கவேண்டும், அந்த எண்ணும் இறங்கிவிடும். ஆக, வெளிச்சத்துக்காகப் புதுசு வாங்க வேண்டியதில்லை.

மாறுவது வேறு இடத்தில். நிக்கான் 2008இல் விட்ட எஸ்பி-900, சூடு ஏறினால் தானாகவே நின்றுவிடும். மூன்று முடிச்சுப் போடுகிற மாப்பிள்ளை பிளாஷ் ஆறட்டும் என்று காத்திருப்பாரா? 2011இல் வந்த எஸ்பி-910 நிற்காது. அடுத்த சார்ஜ் ஏறும் நேரத்தைத்தான் கொஞ்சம் நீட்டிக்கொள்ளும். 2016இன் எஸ்பி-5000க்குள் காற்றாடியே வைத்துவிட்டார்கள். இதைத்தான் நான் உண்மையான முன்னேற்றம் என்பேன்.

இன்னொன்று ரேடியோ. முன்பெல்லாம் தள்ளி வைத்த பிளாஷுக்குக் கட்டளை ஒளியாகவே போகும். நடுவில் திராட்சைப் பந்தலின் கல்தூண் நின்றால் போச்சு, உச்சிவெயிலிலும் தடுமாறும். 2012இல் கேனன் 600இஎக்ஸ்-ஆர்டி ரேடியோவுக்கு மாறியது. முப்பது மீட்டர் வரை தூண் மறைத்தாலும் பிளாஷ் அடிக்கும்.

புதுசெல்லாம் கூடுதலும் இல்லை. முழு பலத்தில் அடித்தால் ஒரு சார்ஜில் வி860 டூ 650 முறை வரும், த்ரீ 480 முறைதான். இது கம்பெனியே சொல்லும் கணக்கு. த்ரீயில் குட்டி எல்இடி விளக்கு ஒன்று சேர்ந்திருக்கிறது. டூ நன்றாக ஓடுகிறதென்றால் அந்தப் பணத்தில் இன்னொரு பிளாஷ் வாங்கிப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். பழசாக வாங்கினால், பேட்டரி உப்பியிருக்கிறதா என்று கழற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.