நடந்து போனால் தெரியும் தீவு
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்குக் கொடுத்திருப்பது பத்தே நிமிடம். அதற்குள் உங்களை ஒரு தீவுக்கு அழைத்துப் போய், பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன். பாஸ்போர்ட் தேவையில்லை.

ஏன் தீவு என்று கேட்பீர்கள். சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ‘நான் கண்ட இயற்கைக் காட்சி’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பதினான்கு பேர். பதினோரு பேர் லங்காவி, கேமரன் மலை என்று எழுதினார்கள். அங்கே உண்மையில் போய் வந்தவர்கள் இரண்டே பேர்தான்! மற்றவர்கள் கட்டுரைப் புத்தகத்திலிருந்து இறக்கியவை. ஒரு பையன் மட்டும் வெறுந்தாளைக் கொடுத்தான். “ஏன்பா எழுதல?” என்று கேட்டேன். “நம்ம தோட்டத்துல பாக்கிறதுக்கு என்னா டீச்சர் இருக்கு?” என்றான்.

அவனைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் பால்மரம் வெட்டியவரின் மகள்தான். பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் படித்தபோது, எந்த ஊர் என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் பக்கத்துப் பட்டணத்தின் பெயரைச் சொன்னவள். அந்த வெறுந்தாளில் என்னையும் பார்த்தேன். மறுநாள் உலகப் படத்தைக் கரும்பலகையில் மாட்டி ஒரு சின்னப் புள்ளியைக் காட்டினேன். அதுதான் ரியூனியன் தீவு.

நான் அங்கே போனவள் அல்ல. புத்தகத்திலும் படத்திலும் கண்டதைத்தான் சொல்கிறேன்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரிஷியசுக்குத் தென்மேற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது அந்தத் தீவு. பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். நம் மலாக்கா மாநிலத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிரான்சு நாட்டு ஆட்சிக்கு உட்பட்டது. கடலடியிலிருந்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகக் குவிந்து உண்டான தீவு அது. பெரிய மலைகள் இரண்டு. மூத்ததன் பெயர் பித்தோன் தெ நேஜ். உயரம் 3,070 மீட்டர். அது பல்லாயிரம் ஆண்டுகளாக அடங்கிக் கிடக்கிறது. இளையது பித்தோன் தெ லா ஃபுர்னேஸ். உயரம் 2,632 மீட்டர். இது அடங்காத பிள்ளை. உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று.

சுற்றுலாப் பயணிகள் கடற்கரையைப் பார்ப்பார்கள், எரிமலை உச்சியைப் படம் பிடிப்பார்கள், திரும்பிவிடுவார்கள். ஆனால் தீவின் உண்மையான அழகு உள்ளே இருக்கிறது. அது காரில் போகிறவருக்குத் தெரியாது. கால் நோக நடக்கிறவருக்குத்தான் தெரியும்.

முதலில் மஃபாட் என்ற இடத்துக்குப் போவோம். மூத்த மலையைச் சுற்றி, மலைச்சரிவாலும் ஆறுகளின் அரிப்பாலும் மூன்று பெரும் பள்ளங்கள் ஏற்பட்டிருக்கின்றன. அண்டாவைப் போலச் சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர். அவற்றில் ஒன்றுதான் மஃபாட். இன்றுவரை அங்கே சாலை கிடையாது. மலையேறி இறங்கி நடந்துதான் போக வேண்டும். அரிசி பருப்பு போன்ற சாமான்களை ஹெலிகாப்டர் கொண்டுவந்து இறக்குகிறது. மஃபாட் என்பது யார் பெயர் தெரியுமா? அடிமைத் தளையை அறுத்துக்கொண்டு ஓடி, அந்தப் பள்ளத்தில் ஒளிந்து வாழ்ந்த ஒரு மனிதரின் பெயர். சாட்டையை ஏந்தியவர்களின் பெயர் அந்தப் பள்ளத்துக்கு வரவில்லை. சாட்டைக்குத் தப்பியவரின் பெயர்தான் நிலைத்தது!

“அங்க பள்ளிக்கூடம் இருக்கா டீச்சர்?” என்று வெறுந்தாள் பையன் கேட்டான். இருக்கிறது. சின்னச் சின்னக் குடியிருப்புகளில், நம் பள்ளியைப் போலக் கொஞ்சம் பிள்ளைகளே படிக்கும் தொடக்கப்பள்ளிகள். அதற்கு மேல் படிக்கப் பெற்றோரைப் பிரிந்து கரைப்பக்கத்து ஊர்களுக்குப் போக வேண்டும். அப்படியும் படிக்கிறார்கள்.

அடுத்து, பெலூவ் காட்டுக்குள் சேற்றில் நடந்தால் ‘இரும்புத் துளை’ என்று பொருள்படும் ‘த்ரூ தெ ஃபேர்’ வரும். பச்சைப் பாறைச் சுவர்களில் பல அருவிகள் ஒரே பெரும் பிளவுக்குள் விழுகின்றன. ஆனால் பொழுது ஏறினால் மேகம் வந்து மூடிவிடும். நம் பால்வெட்டுக்காரர்களைப் போல விடியலிலேயே புறப்பட்டவருக்குத்தான் அந்தக் காட்சி கிடைக்கும். இவ்வளவு தண்ணீர் ஏது? மழைதான். 1966ஆம் ஆண்டு சனவரியில் அடித்த புயலில், அந்தத் தீவின் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. இது உலகச் சாதனை. நம் நாட்டில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் என்றால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கிழக்குக் கரையில் ‘கிராண்ட் ப்ரூலே’. பெரிய எரிந்த நிலம் என்று பொருள். எரிமலைக் குழம்பு கடலை நோக்கி ஓடிவரும் சரிவு இது. குழம்பு சாலையை மூடும். ஆறியதும் மறுபடி சாலை போடுவார்கள். சாலையோரப் பலகைகளில், இந்தப் பாறை எந்த ஆண்டில் வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1977இல் குழம்பு ஓடிவந்து பக்கத்துக் கிராமத்தின் வீடுகளை அழித்தது. மாதா கோயில் வாசல்வரை வந்து அங்கேயே உறைந்து நின்றது. இன்றும் அந்தக் கறுப்புப் பாறை கோயிலைச் சுற்றிக் கிடக்கிறது.

ஆனால் நான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பியது நெருப்பை அல்ல. அந்தக் கறுப்புப் பாறையில் குனிந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஏதோ பூத்திருக்கும். அது கற்பாசி. மண்ணே இல்லாத இடத்துக்கு முதலில் குடிவருவது அதுதான். பிறகு பாறை வெடிப்புகளில் பெரணி முளைக்கும். இலை மக்கி மண்ணாகும். பிறகு செடி, கடைசியில் மரம். எரிந்த பாறையை வெறும் பாசிதான் காடாக்கத் தொடங்குகிறது. அது சத்தமில்லாத வேலை. நின்று பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

நின்று பார்த்த ஒரு பையனின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஐஸ்கிரீமில் வாசனைக்குச் சேர்க்கிறோமே வெனிலா, அது மெக்சிகோ பக்கத்தைத் தாயகமாகக் கொண்ட கொடி. ரியூனியனில் பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்கும் பூச்சி அங்கே இல்லை. படித்தவர்களுக்கும் பயன்படும்படியான வழி அகப்படவில்லை. 1841இல் எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், பூவை உற்றுப் பார்த்து, ஒரு சிறு குச்சியால் உள்ளே மறைத்திருந்த தோலைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தினான். காய்த்தது! இன்றும் உலகம் முழுவதும் வெனிலாத் தோட்டங்களில் அந்த முறையைத்தான் கையாளுகிறார்கள். அவன் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் விடுதலை பெற்றான். ஆனால் 1880இல் ஏழையாகவே இறந்தான். அவன் அறிவைக் கொண்டு பணம் சேர்த்தவர்கள் வேறு யாரோ. இதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு யார் போனார்கள்? பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கம் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள். பெரும்பாலோர் நம் தமிழர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பேசுவது கிரியோல் மொழி. ஆனாலும் கோயிலும் தீமிதியும் நிலைத்திருக்கின்றன. மொழி எங்கே நழுவியது என்று எண்ணிப் பார்த்தால், இந்தச் சின்னப் பள்ளிக்கூடம் நமக்கு எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

பாடம் முடிந்ததும் கட்டுரையை மறுபடி எழுதச் சொன்னேன். ஒரே நிபந்தனை: நடந்து போய்ப் பார்த்ததைத்தான் எழுத வேண்டும், அதுவும் வீட்டுப் பெரியவர் துணையோடு. ஆற்றுப்பக்கம் தனியாகப் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

வெறுந்தாள் பையன் தன் பாட்டியை அழைத்துக்கொண்டு பழைய வெட்டுக்காட்டின் ஓரமாகப் போயிருக்கிறான். அங்கே விழுந்து கிடந்த ஒரு மரத்தில் எத்தனை வகைக் காளான், எத்தனை வகைப் பெரணி என்று எண்ணி எழுதியிருந்தான். எந்தப் பெரணிக் கொழுந்தைக் கறி சமைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று பாட்டி சொன்னதையும் எழுதியிருந்தான். கடைசி வரி இது: “எங்க பாட்டிக்கு எழுதத் தெரியாது, ஆனா இது எல்லாம் தெரியும்.” அந்தக் கட்டுரைக்கு இன்று பரிசு இல்லை. எழுத்துப்பிழை பதினேழு! ஆனால் அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பிள்ளை வந்து “இது என்ன மரம், அது என்ன பறவை?” என்று கேட்டால், “போய்ப் படிக்கிற வேலையைப் பாரு” என்று விரட்டாதீர்கள். அதுவும் படிப்புத்தான். விடியலில் எழுந்து இந்தக் காட்டையெல்லாம் காலால் அளந்தவர்கள் நீங்கள். உங்களுக்குத் தெரிந்தது என் புத்தகத்தில் இல்லை. வாரத்தில் ஒருநாள், அரை மணி நேரம், பிள்ளையோடு நடந்து போய்ச் சொல்லிக்கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே, ஒருநாள் நீங்கள் ரியூனியனுக்கும் போகலாம். போனால் இந்த டீச்சருக்கு ஒரு கடிதம் போடுங்கள். அதற்கு முன்னால், நாளைக் காலையில் லயத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த மேட்டுக்கு என்ன பெயர் என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள். நாளைய முதல் பாடம் அதுதான்.