கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எதைப் பற்றிப் பேசப்போறேன்னு செயலாளர் கேட்டார். பூஞ்சை என்றேன். "அப்போ சாப்பாட்டுக்கு முன்னாடியே பேசிடுப்பா" என்றார். அதனால்தான் இந்த நேரம்.

இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்கள் மட்கிக் கிழிந்தன. காரணமான பூஞ்சையைப் பிரித்தெடுத்துப் பாதுகாத்தார்கள். எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் இருவரும் ராணுவ ஆய்வகத்தில் அதை வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். முதலில் அதற்கு டிரைக்கோடெர்மா விரிடி என்று பெயர். ஆமாம், நம்ம விவசாயிகள் விதை நேர்த்திக்குக் கலக்கிறார்களே, அதே பெயர்தான். வேறு இனம் என்று தெரிந்த பிறகு, 1977-ல் ரீஸைக் கௌரவிக்கும் வகையில் டிரைக்கோடெர்மா ரீசி என்று மாற்றினார்கள். கூடாரத்தைக் காப்பாற்ற ஆரம்பித்த வேலை, எதிரியை வளர்த்து அதன் நொதியை எடுப்பதில் போய் முடிந்தது.

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ்கள் நீளமாகக் கோத்த சங்கிலி. சங்கிலிகள் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு படிகமாகிவிடும். தண்ணீர்கூட உள்ளே புகாது. பூஞ்சைக்கோ வாய் கிடையாது. நொதிகளை வெளியே கக்கி, அங்கேயே சமைத்து, சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது.

அந்த நொதிகளில் முக்கியமானது செல்7ஏ. 1994-ல் ஸ்வீடனில் உப்சாலா விஞ்ஞானிகள் அதன் வடிவத்தை வெளியிட்டார்கள். நடுவே ஒரு சுரங்கம், சுமார் 5 நானோமீட்டர் நீளம். சங்கிலியின் ஒரு முனை அதற்குள் நுழைகிறது. மறுகோடியில் 212-ஆவது, 217-ஆவது இடங்களில் இருக்கும் இரண்டு குளூட்டாமிக் அமிலங்கள் சேர்ந்து பிணைப்பை வெட்டுகின்றன. இரண்டிரண்டு குளுக்கோஸாக, செல்லோபயோஸாக விழுகிறது. நொதி சங்கிலியை விடாமல் நகர்ந்துகொண்டே வெட்டும். நொதியின் வாலில், மெல்லிய கயிறு போன்ற இணைப்புக்கு அப்பால், 36 அமினோ அமிலங்களாலான ஒரு குட்டிப் பகுதி. அதன் தட்டையான முகத்தில் மூன்று டைரோசின்கள். செல்லுலோஸ் மேல் ஒட்டிக்கொள்வது அதன் வேலை. 2011-ல் ஜப்பானியர்கள் இந்த நொதிகள் நகர்வதைப் படமே பிடித்தார்கள். முன்னால் போவது தடுக்கி நின்றால், பின்னால் வருவதும் வரிசையாக நின்றுவிடுகிறது. சாயங்கால நேரத்து பஸ் ஸ்டாண்டு மாதிரி!

இது தனியாக வேலை செய்வதில்லை. எண்டோகுளுக்கனேஸ் நடுவில் வெட்டிப் புது முனைகளைக் கொடுக்கும். செல்6ஏ எதிர் முனையிலிருந்து வரும். பீட்டா குளுக்கோசிடேஸ் செல்லோபயோஸை குளுக்கோஸாக்கும்.

ஆனால் படிகத்தை முதலில் இளக்குவது எது? ஏதோ ஒன்று இருக்கவேண்டும் என்று ரீஸும் சகாக்களும் 1950-லேயே எழுதினார்கள். அதற்கு சி1 என்று பெயரும் வைத்தார்கள். பிறகு, மேலே சொன்ன கூட்டணியே போதும் என்ற எண்ணம் வந்து, சி1 ஓரங்கட்டப்பட்டது.

இங்கே என் கதை ஒன்று. தொண்ணூறுகளில் ஆய்வுப் பட்டத்துக்காகப் பூஞ்சை வளர்ந்த திரவத்தைக் காலத்தில் ஊற்றிப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறிய புரதம் தனியாக வரும். செல்லுலோஸில் போட்டால் சர்க்கரையே வராது. மூன்று மாதம் பார்த்தேன். நோட்டில் "செயல்பாடு இல்லை" என்று எழுதிவிட்டு, மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினேன்.

2010-ல் நார்வேயிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. கைட்டின்மேல் ஒட்டும் ஒரு பாக்டீரியப் புரதம், தண்ணீரால் வெட்டாமல், ஆக்ஸிஜனேற்றத்தால் வெட்டுகிறது என்று. பூஞ்சைகளிலும் இந்த வகை இருப்பது அடுத்த ஆண்டே தெளிவானது. பல வருஷமாக வேறு பெயரில், மிகப் பலவீனமான நொதிகள் என்று ஒதுக்கிவைத்திருந்த குடும்பம் அது! சுரங்கமெல்லாம் இதற்கு இல்லை. தட்டையான முகம், நடுவில் ஒரே ஒரு செம்பு அணு. அதை இரண்டு ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்கும். படிகத்தின் மேலேயே படுத்து வெட்டும். எலக்ட்ரான் கொடுக்க அஸ்கார்பிக் அமிலம் போல ஒன்று வேண்டும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு கிடைத்தால் இன்னும் வேகமாக ஓடும் என்பது 2017-ல் தெரிந்தது.

நான் அஸ்கார்பிக் அமிலம் போடவில்லை. போதாக்குறைக்கு பஃபரில் ஈ.டி.டி.ஏ. போட்டிருந்தேன். செம்பை உருவிவிடும் பொருள் அது. அந்தக் கட்டுரையைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் புரதம் அதுதானா? சொல்ல வழியில்லை, கையில் ஒரு சொட்டுகூட இல்லையே.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று பின் வரிசையில் ஒரு தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. உன் பனியனைத் தொட்டுப் பார். திருப்பூரில் பயோ வாஷ் என்கிறார்களே, துணியின் மேல் நிற்கும் பஞ்சு இழைகளைச் செல்லுலேஸ் தின்றுவிடுவதால்தான் அந்த வழவழப்பு. பெரிய ஆட்டம் வைக்கோலில் இருக்கிறது. பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கிற நெல் தாளை எத்தனாலாக்க, 2022-ல் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் ஆலை திறந்தது. ஆண்டுக்கு 3 கோடி லிட்டர் என்பது திட்டம். லிக்னின் செல்லுலோஸைப் போர்த்திக்கொண்டிருப்பதால் முதலில் வைக்கோலைப் பக்குவப்படுத்த வேண்டும். பிறகு நொதிச் செலவு. கையைக் கடிப்பது அதுதான். நம்ம ஊரில் மாடு இருக்கிறவரை வைக்கோலுக்குப் போட்டியும் உண்டு.

அந்தப் பழைய நோட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். துறை நூலகத்தில் கொடுத்துவிட்டுப் போகிறேன். பூஞ்சையை எந்த மரக்கட்டையிலிருந்து எடுத்தேன், எப்படி வளர்த்தேன் என்பதெல்லாம் 41-ஆம் பக்கத்தில் இருக்கிறது. யாராவது மறுபடி பிரித்துப் பார்ப்பதானால் ஈ.டி.டி.ஏ. மட்டும் போடாதீங்க.

செயலாளர் கை காட்டுகிறார், இலை போட்டாச்சாம்.