மிச்ச மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்
(தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டுக் களைப்போடு வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டிப் பேச மாட்டோம். இன்றைக்கு நாம் பேச வந்தது பிள்ளைகளுக்குச் சிறுநீரில் கிருமி ஏற்படுவதைப் பற்றியும், அதற்குக் கொடுக்கிற அன்டிபயோட்டிக் மருந்தைப் பற்றியும்தான்.

லயத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன நடக்கிறது? "போன தடவை தந்த பாணி மருந்து மிச்சம் இருக்கு, அதையே குடு" என்கிறார் பாட்டி. "எங்க புள்ளைக்கு வாங்கினது கெடக்கு, கொண்டு போ" என்கிறார் பக்கத்துக் காம்பிரா அக்கா. நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் இல்லை, பஸ் காசும் வேண்டும். அந்தக் கஷ்டம் எமக்குத் தெரியும். ஆனால் மிச்ச மருந்தால் வரும் கஷ்டம் அதைவிடப் பெரியது.

சிறுநீரில் கிருமி உண்டாக்குவது பெரும்பாலும் ஈ.கோலை என்ற கிருமி. அது எல்லோருடைய குடலிலும் இருப்பதுதான். சிறுநீர் வழியில் ஏறும்போதுதான் நோய் வருகிறது. தடிமனுக்கும் இருமலுக்கும் தேவையில்லாமல் அன்டிபயோட்டிக் கொடுத்தால், குடலில் உள்ள சாதாரண கிருமிகள் செத்து, மருந்துக்கு அசையாதவை மிஞ்சிப் பெருகும். புல்லுக்கு மருந்து அடிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், சாகாத புல்லு மலை முழுக்கப் பரவும். அதேதான் இதுவும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945ஆம் ஆண்டிலேயே இதைச் சொல்லி எச்சரித்தார்.

2016இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. 26 நாடுகளில் பிள்ளைகளின் சிறுநீரில் கண்ட ஈ.கோலை கிருமிகளைப் பற்றியது. வசதி குறைந்த நாடுகளில் 10 கிருமிகளில் சுமார் 8, அம்பிசிலின் மருந்துக்குச் சாகவில்லை. அன்டிபயோட்டிக் குடித்த பிள்ளையிடம் இப்படிப்பட்ட கிருமி ஆறு மாதம் வரை கூடுதலாக இருக்கலாம் என்றும் அதில் கண்டார்கள்.

மருந்து வேலை செய்யாவிட்டால் கிருமி சிறுநீரகம் வரை ஏறும். அங்கே தழும்பு விழுந்தால் அது ஆறாது. பின்னாளில் பிரஷர் வரலாம், சிறுநீரகமும் பழுதாகலாம்.

பேசத் தெரிந்த பிள்ளை, "ஒண்ணுக்குப் போனா எரியுது" என்று சொல்லும். அடிக்கடி போகும், அடிவயிறு நோகும், விட்டிருந்த பாய் நனைப்பு மறுபடி வரும். கைப்பிள்ளைக்கோ காய்ச்சல், வாந்தி, பால் குடிக்காமை மட்டுந்தான் தெரியும். தடிமன், இருமல் இல்லாமல் காய்ச்சல் இருந்தால் சிறுநீரையும் நினையுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

டாக்டர் சிறுநீர் கேட்டால், அன்டிபயோட்டிக் தொடங்குவதற்கு முன்னமே எடுத்துக் கொடுங்கள். தண்ணீரால் கழுவி, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை ஆஸ்பத்திரி தந்த சுத்தமான போத்தலில் பிடியுங்கள். வீட்டுப் பழைய மருந்துப் போத்தல் ஆகாது. பிடித்ததைச் சுணங்காமல் கொடுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்ற முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதைக் கேட்க மறுபடி போக வேண்டும். சில வேளை மருந்தை மாற்றுவார்கள்.

மருந்தின் அளவு பிள்ளையின் நிறைக்கு ஏற்றது. ஒரு பிள்ளையின் மருந்து மற்றப் பிள்ளைக்குச் சரிவராது. காய்ச்சல் விட்டாலும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் கொடுங்கள். தூளில் தண்ணீர் கலந்த பாணி மருந்து ஒன்று இரண்டு வாரத்தில் பழுதாகிவிடும். டாக்டரின் துண்டு இல்லாமல் பாமசியில் அன்டிபயோட்டிக் கேட்கவும் வேண்டாம்.

நோய் வராமல் காப்பதற்குக் கொதித்தாறிய தண்ணீர் நிறையக் கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவப் பழக்குங்கள். மலச்சிக்கல் இருந்தால் கவனியுங்கள். கக்கூஸ் தூரம், இருட்டு என்று பிள்ளைகள் இரவில் அடக்கி வைக்கிறார்கள். டோர்ச் எடுத்துக்கொண்டு கூடப் போங்க.

கிளினிக் நாளில் வேலைக்கு வர முடியாவிட்டால் முன்கூட்டியே எம்மிடம் சொல்லுங்கள். துரையிடமும் கங்காணியிடமும் நாம் பேசுவோம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் தட்டில் பாதிப் போத்தல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யாருக்கும் கொடுக்காமல் டிஸ்பென்சரியில் கொண்டுவந்து ஒப்படையுங்கள்.