நீல் பாக்: ஒரு சிறு பள்ளி கடந்து வந்த பாதை

(பெங்களூருவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிறு பள்ளிகள் பொருளாதார ரீதியில் கட்டுப்படியாகாதவை, நிர்வகிக்கக் கடினமானவை என்பது 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையின் வாதம். கிராமத்துத் தொடக்கப் பள்ளியை வேறொன்றுடன் "இணைக்கும்" ஆணைகள் இந்த வாதத்தையே துணைக்கு அழைக்கின்றன. பெங்களூருவுக்குக் கிழக்கே, கோலார் மாவட்டத்தின் ஆந்திர எல்லையோரம், ராயல்பாடு அருகே இருந்த ஒரு பள்ளியின் வரலாறு இவ்வாதத்திற்கு விடை தருகிறது.

நீல் பாக் எனும் அப்பள்ளியை 1972இல் தொடங்கியவர் டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியா வந்து, ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியில் கற்பித்து, பிரிட்டிஷ் கவுன்சிலின் பணியில் சென்னையிலும் பெங்களூருவிலும் இருந்தவர். ஓய்வுக்குப் பின் ஏழு ஏக்கர் நிலத்தில், மனைவி டோரீன், மகன் நிக்கோலஸ் ஆகியோருடன் கிராமப் பிள்ளைகளுக்காக இப்பள்ளியை நடத்தினார். அங்கே தேர்வு இல்லை, தண்டனை இல்லை. வெவ்வேறு வயதினர் ஒன்றாக அமர்ந்து, அவரவர் வேகத்தில் கற்றனர். ஆங்கிலம், கணிதம், தெலுங்கு, சமஸ்கிருதம் ஆகியவற்றோடு தச்சு, தையல், கொத்துவேலை, தோட்டம், இசை ஆகியனவும் பாடங்கள்.

கைத்தொழில் என்றதும் 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் நினைவுக்கு வரலாம். இரண்டும் ஒன்றல்ல. தந்தையின் தொழிலைப் பிள்ளையின் தலையில் கட்டிய அத்திட்டம், எதிர்ப்பின் வலிமையால் 1954இல் கைவிடப்பட்டது. நீல் பாக்கிலோ உளியும் ஊசியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது.

ஆயினும் தனிமனிதர் ஒருவரின் பள்ளி ஒரு தீவுதான். ஹார்ஸ்பரோ 1984இல் மறைந்தார். அவருடைய முறையின் தாக்கம் ரிஷி பள்ளத்தாக்கின் கிராமப் பள்ளிகளில் கற்றல் அட்டைகளாக, ஏணிப்படிகளாக வளர்ந்தது. 1995இல் மைசூரு மாவட்டத்தின் எச்.டி.கோட்டே வட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள் அதைக் கண்டு வந்து, யுனிசெஃப் உதவியுடன் 'நலி-கலி'யை உருவாக்கினர். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் நுழைந்த அம்முறை, 2007இல் தமிழ்நாடு முழுவதும் 'செயல்வழிக் கற்றல்' ஆயிற்று. கோலாரின் செம்மண்ணில் முளைத்த எண்ணம் இலட்சக்கணக்கான உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளை அடைந்தது அரசுப் பள்ளி வழியாகத்தான். கட்டணப் பள்ளி வழியாக அன்று.

இங்கேதான் கவனம் தேவை. எச்.டி.கோட்டேயில் ஆசிரியர்களே முன்னின்று செய்த பணி, பிற்பாடு பல இடங்களில் மேலிருந்து வந்த சுற்றறிக்கையாகச் சுருங்கியது. பல வகுப்பினரை ஒன்றாக அமர்த்துவது நீல் பாக்கில் தேர்ந்தெடுத்த கல்விமுறை. அரசுப் பள்ளியில் அது காலிப் பணியிடத்தை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. அட்டை ஆசிரியருக்குக் கருவி. ஆசிரியருக்கு மாற்று அன்று. சிறு பள்ளியைக் குறை கூறும் அதே கொள்கை ஆவணம், 2016-17இல் நாட்டில் 1,08,017 ஓராசிரியர் பள்ளிகள் இருந்ததையும் ஒப்புக்கொள்கிறது. அப்பள்ளிகளைச் சிறுமையாக்கியது யார்? பிள்ளைகளா, ஆசிரியரை நியமிக்காத அரசுகளா?

இணைப்பு ஆணை ஊருக்குள் வரும்போது தோழர்கள் முதலில் கேட்க வேண்டியது மாணவர் எண்ணிக்கையை அன்று. பணியில் இருக்கும் ஆசிரியர் எண்ணிக்கையை. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் இருந்தாக வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளது.