சால்மன் மீன் கொடுத்த வலி மருந்து



எலும்பு மெலிந்துபோன அம்மா ஒருவர் குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறார். முதுகில் சுரீர் என்கிறது. சதைப்பிடிப்பு என்று தைலம் தேய்க்கிறார்கள். இரண்டு நாளாகியும் புரண்டு படுக்க முடியவில்லை. இருமினால் உயிர் போகிறது. எக்ஸ்ரேயில் பார்த்தால் முதுகெலும்பில் ஒரு கண்ணி அமுங்கியிருக்கிறது. ஆஸ்டியோபோரோசிஸ் என்னும் எலும்புப்புரை பலருக்கு இப்படித்தான் முதன்முதலாகத் தெரியவருகிறது.

இந்த வலிக்கு டாக்டர்கள் சில சமயம் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே ஒன்றை எழுதித் தருவார்கள். அதில் இருப்பது கால்சிட்டோனின் என்ற ஹார்மோன். அதுவும் மனிதருடையது அல்ல, சால்மன் மீனுடையது!

சைவக்காரர்கள் பதற வேண்டாம். இன்றைய மருந்தில் மீன் கிடையாது. அதே ஹார்மோனைத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். ஆனால் மீன் இதில் எப்படி நுழைந்தது என்பது சுவாரசியமான கதை.

கனடாவின் வான்கூவர் நகரில் ஹெரால்டு காப் என்றொரு உடலியல் பேராசிரியர் இருந்தார். நாய்களின் தைராய்டு, பாராதைராய்டு சுரப்பிகளுக்குள் கால்சியம் மிகுந்த ரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். உடம்பின் ரத்தக் கால்சியம் மளமளவென்று இறங்கியது. கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு சும்மா இருந்துவிட்டால்கூட இத்தனை வேகமாக இறங்காதே? கால்சியத்தைக் குறைக்கவென்றே வேறொரு ஹார்மோன் இருக்கிறது என்று 1961இல் அறிவித்து, கால்சிட்டோனின் என்று பெயரும் வைத்தார். அது பாராதைராய்டிலிருந்து வருகிறது என்பது அவர் கணிப்பு. 1964இல் லண்டனில் இயன் மேக்கின்டயர் குழு ஆடுகளை வைத்துச் சோதித்து, பிறப்பிடம் தைராய்டு என்று காட்டியது.

மீன்களுக்கு இந்தச் சுரப்பு தைராய்டில் கிடையாது. அதற்கென்று தனியாகச் சின்னச் சுரப்பி உண்டு. காப் அதைத் தேடிப் போனார். முதலில் சுறா, பிறகு சால்மன். வான்கூவர் கரையில் சால்மனுக்கு என்ன பஞ்சம்? கிடைத்த ஹார்மோனில் 32 அமினோ அமிலங்கள். மனிதருடையதிலும் அதே 32தான், ஆனால் 16 இடங்களில் வேறு வேறு. பாதி மாறியும், மீனுடையது நம் உடம்பில் நம்முடையதைவிட 40, 50 மடங்கு வீரியத்தோடு வேலை செய்கிறது. செல்லின் ஏற்பியைப் பிடித்தால் லேசில் விடாது என்பது ஒரு காரணம்.

எலும்பு ஓயாமல் கரைந்து, ஓயாமல் வளர்வது. கரைக்கும் வேலை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களுடையது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, கரைப்பவர் கை ஓங்குகிறது. கால்சிட்டோனின் பட்டதும் அந்தச் செல்கள் சுருங்கி வேலையை நிறுத்துகின்றன. ஆனாலும் மனித உடம்பு இந்த ஹார்மோனைப் பெரிதாக நம்பியிருப்பதாகத் தெரியவில்லை. தைராய்டில் இதை அளவுக்கு மீறிச் சுரக்கும் கட்டி வந்தவர்களுக்கு எலும்பு இரும்பாகிவிடுவதில்லை. மருந்தாகக் கொடுத்தபோதும் பலன் நடுத்தரம்தான். 1,255 பெண்கள் கலந்துகொண்டு 2000இல் வெளியான ஐந்தாண்டு ஆய்வில், தினம் 200 யூனிட் ஸ்பிரே முதுகெலும்பு முறிவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. 400 யூனிட் கொடுத்தும் அப்படித் தெளிவான பலன் இல்லை. இடுப்பு எலும்புக்கு நன்மை நிரூபணமாகவில்லை.

வலியில்தான் இந்த மருந்து பெயர் வாங்கியது. முதுகெலும்பு புதிதாக அமுங்கியவர்களிடம் படுக்கையில், உட்காரும்போது, நிற்கும்போது, நடக்கும்போது என்று தனித்தனியாக வலியை அளந்து பார்த்தார்கள். ஒரு வாரத்துக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தது. உடம்பின் சொந்த வலிநிவாரணியான எண்டார்பினை இது கூட்டுகிறது என்றும், மூளையின் செரோடோனின் பாதை வழியாக வேலை செய்கிறது என்றும் விளக்கங்கள் உண்டு. ஜப்பானில் விலாங்கு மீன் கால்சிட்டோனினிலிருந்து உருவான எல்கடோனின் ஊசியை எலும்புப்புரை வலிக்கே போடுகிறார்கள். பல மாதமாக இருக்கும் பழைய வலிக்கு இது கேட்கும் என்று நம்ப ஆதாரம் போதாது.

மருந்துக்கடை கவுண்டரில் இந்த ஸ்பிரேயை விளக்குவதே ஒரு கலை. மூக்குப்பொடி போட்டுப் பழகிய பாட்டி சர்ரென்று உறிஞ்சுவார். “பாட்டி, உறிஞ்ச வேண்டாம். தலையை நிமிர்த்தி வச்சுக்கிட்டு ஒரு அழுத்து, போதும். இன்னிக்கு வலது மூக்கு, நாளைக்கு இடது.” “உறிஞ்சாம எப்படிப்பா உள்ள போகும்?” போகும், நேயர்களே, மூக்கின் உட்தோலே மருந்தை வாங்கிக்கொள்ளும். சிலருக்கு மூக்கு எரியும், ரத்தம் கசியும். ஊசியாகப் போட்டால் குமட்டலும் முகச்சிவப்பும் வரலாம்.

நேரம் நெருங்குகிறது, முக்கியமான ஒன்று பாக்கி. நீண்டகாலம் எடுத்தவர்களிடம் புற்றுநோய் சற்றே கூடுதலாகக் காணப்பட்டதால், 2012இல் ஐரோப்பிய மருந்து முகமை எலும்புப்புரைக்கு இந்த ஸ்பிரே வேண்டாம் என்றது. அமெரிக்காவில் எச்சரிக்கையோடு நீடிக்கிறது. ஆகவே ஆண்டுக்கணக்கில் அடிக்கும் மருந்தாக இதை எண்ண வேண்டாம். எலும்பைக் காக்க வேறு நல்ல மருந்துகள் உண்டு. வீட்டில் யாருக்காவது திடீரென்று முதுகு பிடித்துக்கொண்டால், தைலத்தோடு நின்றுவிடாமல் அந்த வாரமே எக்ஸ்ரே எடுத்து, சில வாரங்களுக்கு இது பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்பீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறலாம்.