அரிசி மட்டும் போதுமா?



சிட்டுக்குருவி எல்லாருக்கும் தெரிந்த பறவை. முன்பெல்லாம் வீட்டுக்குள்ளேயே கூடு கட்டும். சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்னால் வைக்கோலைச் செருகும். பெண்கள் அரிசி புடைத்தால் பக்கத்திலேயே வந்து பொறுக்கும்.

இப்போது பெரிய நகரங்களில் குருவி குறைந்துவிட்டது. 2020-ஆம் ஆண்டில் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஐதராபாத் நகரங்களில் குறைந்து வருகிறது. அந்த அறிக்கை இப்படிச் சொன்னது. டெல்லி அரசு 2012-இல் சிட்டுக்குருவியை மாநிலப் பறவையாக அறிவித்தது. ஆனால் அரசு அறிவித்தால் மட்டும் குருவி வந்துவிடுமா? வீட்டில் இருப்பவர்களும் இடம் கொடுக்க வேண்டும்.

ஒரு கதையைக் கேளுங்கள்.

டெல்லியின் ஓரத்தில் ஒரு குடியிருப்பு. அங்கே ஒரு சிறிய வீடு. வீட்டின் முன்னால் நான்கு கயிற்றுக் கட்டில் போடும் அளவுக்குத் தோட்டம். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் குருவி என்றால் உயிர். தினமும் ஒரு பிடி அரிசி போடுவார்.

ஒரு மார்ச் மாதம். மின்சார மீட்டர் பெட்டிக்கு மேலே ஒரு ஜோடிக் குருவி கூடு கட்டியது. முட்டை பொரிந்தது. குஞ்சுகள் கீச் கீச் என்று கத்தின. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி.

அந்த வாரம் கத்தரிச் செடியில் புழு விழுந்தது. கணவர் கடைக்குப் போனார். பூச்சிமருந்து வாங்கி வந்து எல்லாச் செடிக்கும் அடித்தார். புழுக்கள் செத்தன. மூன்றாம் நாள் கூட்டில் சத்தம் இல்லை. ஏணி வைத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் இறந்து கிடந்தன.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். வெகுகாலம் தோட்ட வேலை செய்தவர். அந்தப் பெண் அவரிடம் கேட்டார்.

"ஐயா, தினமும் அரிசி போட்டேனே. குஞ்சுகள் ஏன் செத்தன?"

"பிறந்த குழந்தைக்குச் சோறு ஊட்டுவாயா அம்மா?"

"ஊட்ட மாட்டேன். தாய்ப்பால்தான் கொடுப்பேன்."

"குருவிக் குஞ்சும் அப்படித்தான். பெரிய குருவிதான் தானியம் தின்னும். குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் தாய்ப்பால். மருந்து அடித்தால் அது கிடைக்காது. கிடைத்தாலும் அதில் விஷம் இருக்கும்."

கணவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் மருந்து அடிக்கவில்லை. புழு அதிகமானால் கையால் எடுத்தார்கள். அசுவினி பிடித்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார்கள். நாலு இலை ஓட்டையானால் ஆகட்டும் என்று விட்டார்கள்.

பெரியவர் மேலும் சில வேலைகளைச் சொல்லித் தந்தார்.

முதலாவது, தண்ணீர். கோடையில் டெல்லியில் அனல்காற்று வீசும். அகலமான மண்சட்டியில் இரண்டு அங்குலம் தண்ணீர் வைக்க வேண்டும். நடுவில் ஒரு கல் போட வேண்டும். பறவை அதில் உட்கார்ந்து குடிக்கும். சட்டியைத் தினமும் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் கொசு பெருகும். பறவைக்கும் நோய் வரும். பூனை பதுங்கும் இடத்தில் சட்டியை வைக்கக் கூடாது.

இரண்டாவது, கூடு. புதிய வீடுகளில் சந்து பொந்து இல்லை. குருவி எங்கே கூடு கட்டும்? பழைய பலகையில் ஒரு பெட்டி செய்யலாம். அதில் ஒன்றேகால் அங்குலத் துளை போதும். துளை பெரிதானால் மைனா புகுந்துவிடும். பெட்டியை எட்டு அடி உயரத்தில், நிழலில் மாட்ட வேண்டும். மின்விசிறிக்குப் பக்கத்தில் மாட்டவே கூடாது.

மூன்றாவது, செடிகள். செம்பருத்தி, முருங்கைப் பூக்களைத் தேடித் தேன்சிட்டு வரும். கறிவேப்பிலைப் பழம் தின்னக் கொண்டைக்குருவி வரும். எலுமிச்சை இலைகளைச் சேர்த்துத் தைத்துத் தையல்சிட்டு கூடு கட்டும். மருதாணி வேலி அடர்ந்திருந்தால் சிட்டுக்குருவிகள் அதில் ஒளியும்.

நான்காவது, சருகு. ஒரு மூலையைக் கூட்டாமல் விட வேண்டும். சருகுக்குள் பூச்சி இருக்கும். அதைக் கிளறத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வரும். இந்தியில் இதற்கு 'ஏழு சகோதரர்கள்' என்று பெயர்.

தோட்டம் இல்லாதவர்கள் என்ன செய்வது? மாடியில் இரண்டு செம்பருத்தித் தொட்டி, ஒரு மண்சட்டித் தண்ணீர் போதும்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். பறவையை வரவழைக்கலாம். பிடித்து வைக்கக் கூடாது. கிளி, மைனா போன்ற நம் நாட்டுப் பறவைகளைக் கூண்டில் அடைப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது.

அந்த வீட்டுக்கு வருவோம். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் பெட்டிக்குள் வைக்கோல் போனது. முட்டை பொரிந்தது. தாயும் தந்தையும் கத்தரிச் செடிக்கும் கூட்டுக்கும் பறந்துகொண்டே இருந்தன. அலகு நிறையப் புழு. இரண்டு வாரம் கழித்து ஒரு காலை நேரம். மூன்று குஞ்சுகள் மருதாணி வேலியில் உட்கார்ந்திருந்தன. கணவர்தான் முதலில் பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அரிசி போட்டால் குருவி வந்து போகும். புழுவையும் விட்டு வைத்தால் குடும்பத்தோடு தங்கும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள்.